கொக்கியில் கட்டாத நட்சத்திரம்

என் அன்பு அத்தைக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகச் செவலைக்கு ஒரு கை அகத்திக்கீரை கொண்டுபோய்ப் போட்டேன். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டதுகூட அதற்கப்புறம்தான். கிறிஸ்துமஸ் அன்றைக்கு மாட்டுக்கும் நாய்க்கும் வைத்துவிட்டுத்தான் மனுசர் வாயில் எதுவும் வைக்க வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம். பைபிளில் அப்படி எங்கேயும் இல்லையே என்று ஒருமுறை சொன்னேன். "எழுத மறந்திருப்பாங்க சாமி" என்றீர்கள்.

நம் நாய் ராசா உங்கள் கட்டிலடியிலிருந்து எழுந்து என் பின்னாலேயே மாட்டுக் கொட்டாய்க்கு வந்தான். நீங்கள் போனதிலிருந்து அவன் படுக்கை அங்கேதான். கொட்டாய்க்குள் வந்தவன் நேராக விட்டத்துக் கொக்கிக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தான். கொக்கி வெறுமையாக இருந்தது. கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அந்த இடத்திலேயே சுருண்டு படுத்துக்கொண்டான். அவனுக்கு நான் எதைச் சொல்லிப் புரிய வைப்பது?

உங்களுக்குப் படிக்கத் தெரியாது. தினமும் பேப்பர் வந்ததும் "என்னமோ போட்டிருக்கறான் பாரு, படி கண்ணு" என்று கட்டிலில் உட்கார்ந்துகொள்வீர்கள். நான் வாசிக்க வாசிக்க நடுவிலேயே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வருவீர்கள். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன். எனக்குச் சத்தமாகச் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும்போலத் தோன்றியது.

இங்கே எல்லாரும் சுகம். மஞ்சள் இலை பழுக்கத் தொடங்கிவிட்டது. பொங்கல் முடிந்து வெட்டலாம் என்கிறார் உங்கள் மகன். உங்கள் பேத்தி கயல் லீவுக்கு வந்திருக்கிறாள். காலேஜ் ஹாஸ்டல் சாப்பாட்டில் பாதியாகிவிட்டாள். நீங்கள் இருந்திருந்தால் வந்த அன்றைக்கே ஒரு கோழியின் கதை முடிந்திருக்கும்.

நான் கல்யாணமாகி வந்த முதல் டிசம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? சூரமங்கலம் ரயில்வே காலனியில் வளர்ந்தவள் நான். எங்கள் தெருவில் டிசம்பர் பிறந்தாலே வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும். இங்கே நாமகிரிப்பேட்டையைத் தாண்டி, மஞ்சள் காட்டுக்குள் தனியாக நிற்கிற இந்த வீட்டில் நான் மட்டும்தான் கிறிஸ்தவள். உங்கள் மகனை நான் கட்டிக்கொண்டதில் இரண்டு வீட்டுக்கும் அப்போது மனக்குறை. அம்மா கொடுத்தனுப்பிய பேப்பர் நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நீங்கள் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

"ஊட்டு வாசல்ல வேண்டாங் கண்ணு. போறவங்க வாரவங்க என்னமோ ஏதோன்னு கேப்பாங்க. வேணும்னா மாட்டுக் கொட்டாயில கட்டிக்க."

அன்றைக்கு எனக்கு வந்த அழுகையை நான் யாருக்கும் காட்டவில்லை. உங்கள் மகன்தான் ஒயர் இழுத்து, கொக்கி அடித்து, பல்பு மாட்டிக் கொடுத்தார். வாசலுக்கு லாயக்கில்லாதது சாணிக்கு நடுவில் தொங்கட்டும் என்று நினைத்துக்கொண்டே கட்டினேன்.

சாயங்காலம் பொழுதோடு பால் கறக்க வந்தீர்கள். செவலையின் அம்மா அப்போது கறவையில் இருந்தது. சொம்பை மடியில் இடுக்கி உட்கார்ந்தவர் மேலே பார்த்தீர்கள்.

"இது என்னத்துக்குக் கட்டறது?"

"எங்க சாமி பொறந்த நாளுக்குங்க."

"எங்க பொறந்துச்சு?"

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. "மாட்டுக் கொட்டாயிலதாங்க" என்றேன், வெடுக்கென்று.

கறந்துகொண்டிருந்த கை நின்றது. "நெசமாவா? ஊட்டுக்குள்ள எடமில்லைன்னுட்டாங்களாமா?"

"ஆமாங்க. ஒருத்தரும் எடங்குடுக்கல."

மறுபடி பால் சொம்பில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் நீங்கள் என்ன நினைத்தீர்கள் அத்தை? நீங்கள் கேட்ட கேள்வி உங்கள் காதிலேயே விழுந்ததா? இத்தனை வருஷம் ஒன்றாக இருந்தோம். நான் கேட்கவே இல்லை, நீங்களும் சொல்லவே இல்லை.

கறந்து முடித்து எழுந்தபோது வேறொன்று கேட்டீர்கள். "அப்ப, பிள்ளை பெத்தவளுக்கு ஆரு செலவரைச்சுக் குடுத்தா?"

எனக்குப் புரியவில்லை. பிரசவமானவளுக்கு இந்தப் பக்கத்தில் மிளகு, சுக்கு, திப்பிலி, சித்தரத்தை எல்லாம் வறுத்து அரைத்து, நாட்டுக்கோழிச் சாறில் கரைத்துக் கொடுப்பார்கள், அதற்குச் செலவு என்று பேர் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மாதாவுக்கு அப்படி யாரும் கொடுத்ததாக எழுதியில்லை என்றேன். "பச்ச ஒடம்போட வைக்கோல்ல கெடந்திருக்கறா. கூட வந்தவன் ஆம்பள, அவனுக்கு என்ன தெரியும்?" என்று சூசையப்பரை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு வீட்டுக்குள் போனீர்கள். மறுநாள் அம்மிச் சத்தத்தில்தான் நான் விழித்தேன்.

அன்றிலிருந்து நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் அப்படித்தான். என் தம்பி வீட்டில் பிரியாணி, கேக். நம் வீட்டில் செலவு ரசம். முதல் டம்ளரைக் கொண்டுபோய்க் கொட்டாயில் தீவனத் தொட்டியின் விளிம்பில் வைப்பீர்கள். நான் அங்கேதான் குடில் வைத்திருப்பேன். என் மண்பொம்மை மாட்டைக் கையில் எடுத்து, "இது எளச்சுப்போய்க் கெடக்குது, நெசமான மாடு இருக்கறப்ப இது எதுக்கு?" என்று ஓரமாக வைத்துவிட்டீர்கள். அந்த நிசமான மாடு ஒரு வருஷம் குடிலின் வைக்கோலோடு சூசையப்பரின் கைக்கோலையும் சேர்த்துத் தின்றது. அன்று முதல் அவர் வெறுங்கையோடு நிற்கிறார்.

நீங்கள் ஒருநாளும் கும்பிட்டதில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிற மூத்தவள் மாதிரி டம்ளரை வைத்துவிட்டு, மாதா பொம்மையைப் பார்த்து, "சூட்டோட குடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு வருவீர்கள்.

நட்சத்திரத்தை வாசலுக்கு மாற்றிக்கொள் என்று நீங்கள் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு டிசம்பரும் சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அதுவும் நிசம்.

இந்த வருஷத்துச் சங்கதிக்கு வருகிறேன். ஆடியில் நீங்கள் போனீர்கள். வருஷம் திரும்பும்வரை வீட்டில் பண்டிகை கிடையாது. தீபாவளிக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டியே ஏறவில்லை. பக்கத்துக் காட்டுக்கார அண்ணன் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் தொடவும் மனம் வரவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் அந்தக் கணக்கில் வருமா என்று நான் யோசிக்கவே இல்லை. டிசம்பர் லீவு விட்டதும் கை தானாகப் பரணுக்குப் போயிற்று.

இளம்பிள்ளையிலிருந்து உங்கள் மகள், என் நங்கையா, வந்திருந்தார், உங்களுக்குச் சாமி கும்பிட. நட்சத்திரத்தோடு கொட்டாய்ப் பக்கம் போனவளைப் பார்த்துவிட்டார்.

"எங்க தூக்கிட்டுப் போற ராணி?"

"கொட்டாய்க்குங்க நங்கையா."

"இந்த வருசம் நம்மூட்டுல பண்டிகை கெடையாதில்ல? தீவாளிக்கே ஒரு மத்தாப்புக் கொளுத்துல. பொங்கலும் வெக்கப் போறதில்ல. அம்மா போயி வருசம் திரும்ப வேண்டாமா?"

எனக்குச் சுருக்கென்றது. உங்கள் மகன் லாரித் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தவர், எனக்காகப் பேச வந்தார். "உடுக்கா. அது அவ பண்டிகை. அவ சாமி வேற. நம்ம தீட்டு அதுக்கெங்க ஒட்டுது? கட்டிக்கட்டும்."

நங்கையா திரும்பிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே நீங்கள். உங்களையே பார்த்த மாதிரி இருந்தது.

"அவ பண்டிகையா? ஏன்டா, அப்ப இத்தன வருசமா அம்மா அம்மியில ஒக்காந்து செலவரைச்சது ஆரூட்டுப் பண்டிகைக்கு? பக்கத்தூட்டுக்கா? வாய் இருக்குதுன்னு எதையாச்சும் பேசாத. தார்ப்பாயை மடி."

கயல்கூட, "அத்தை, ஒரே ஒரு பல்பு மட்டுங்க" என்று கெஞ்சிப் பார்த்தாள். "உன் அப்பத்தாளுக்கு நீ பல்பு போடுவியா, துக்கம் காப்பியா?" என்றார். அவள் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

நான் நட்சத்திரத்தோடு நடுவாசலில் நின்றேன். கட்டச் சொன்னவர் என்னை வெளியே நிறுத்திச் சொன்னார். கட்டாதே என்றவர் வீட்டுக்குள் இழுத்துவைத்துச் சொன்னார். இந்த வீட்டுப் பண்டிகை என்று ஒருவர் வாயால் வர எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா? வந்தது. கொண்டாடக் கூடாது என்பதோடு சேர்ந்து வந்தது. சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா?

என் தம்பி ஆன்டனி சூரமங்கலத்திலிருந்து போன் பண்ணினான். "அக்கா, இங்க வந்துரு. குடில், ஸ்டார் எல்லாம் இருக்கு. இயேசு பொறப்புக்குத் தீட்டு ஏது?" அவன் சொன்னதில் தப்பில்லை. என் விசுவாசமும் அதைத்தான் சொல்கிறது. சாவு நடந்த வீட்டுக்குத்தானே அந்தப் பிறப்பு முதலில் வேண்டும்? ஆனால் என் வாயில் வந்தது வேறு. "நம்ம அம்மா போன வருஷம் நாம ஸ்டார் கட்டினோமாடா?" என்று கேட்டேன். "அப்ப இருந்துக்கக்கா" என்றான்.

என் அம்மாவுக்குச் செய்ததை உங்களுக்குச் செய்யாமல் எப்படி இருப்பேன்? நட்சத்திரத்தைப் பரணில் வைத்துவிட்டேன்.

அது அதோடு முடிந்திருக்கும். நேற்றுப் பொழுது சாயும் நேரம், செவலைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் மகன் வந்து தூணில் சாய்ந்து நின்றார்.

"பொங்கல் கழிச்சு செவலையப் பாக்க ஆளு வாராங்க ராணி. சினையா இருக்கறப்பவே குடுத்துட்டா நல்லது. கன்னு போட்டா கறக்கறதுக்கு ஆளெங்க இருக்குது? கொட்டாயையும் பிரிச்சுட்டா லாரி நிக்க ஷெட்டு போட்டறலாம்."

நான் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சமாதானமாகச் சொன்னார். "அடுத்த வருசம் நீ ஸ்டாரை வாசல்லயே கட்டிக்க. உனக்கு அதுதான ஆசை? இனி ஆரு கேக்கப் போறா?"

எனக்கு ஒரு பரிசு கொடுப்பதாக நினைத்துத்தான் சொன்னார். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் போனதிலிருந்து காடும் லாரியும் மாடும் ஒரே ஆளாகப் பார்க்கிறார். பால் வற்றும்வரை பக்கத்துக் காட்டு அண்ணன்தான் தினமும் வந்து கறந்து கொடுத்தார். அவரையே எத்தனை நாள் கூப்பிடுவது? நானோ காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறுகிறவள். அவர் சொல்வதெல்லாம் நியாயம்தான். ஆனால் "இனி ஆரு கேக்கப் போறா" என்ற அந்த ஒரு வார்த்தை முள்ளாகக் குத்துகிறது அத்தை. கேட்பதற்கு நீங்கள் இல்லாத வாசலில் நட்சத்திரத்தைக் கட்டி நான் என்ன செய்ய?

இன்று காலைப் பூசைக்கு நானும் கயலும் டவுன் கோயிலுக்குப் போனோம். உங்கள் மகன்தான் கொண்டுபோய் விட்டார். இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் கருத்துகளில் உங்கள் பெயரையும் கொடுத்திருந்தேன். மரியம்மாள், சவரிமுத்து, அந்தோணியம்மாள் என்று வாசித்துக்கொண்டே வந்த சாமியார், அதே குரலில் "பாவாயி" என்றார். முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்கள். "எங்க அத்தைங்க" என்று மெல்லச் சொன்னேன். அவர்கள் தலையசைத்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள்.

கயலுக்கு முதல் நன்மை அப்பம் கொடுத்த அன்றைக்கு அந்தக் கோயிலுக்கு வந்தீர்கள். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. "இங்கிருந்தே தெரியுது சாமி" என்று வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டீர்கள். இன்றைக்கு அந்த வாசலைப் பார்த்துக்கொண்டேதான் ஜெபம் சொன்னேன். நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று சாமியாரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வார். என் மனதுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தங்க இடம் கிடைக்காமல் கொட்டாயில் பிறந்தவர் உங்களை வாசலில் நிற்க வைத்திருக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்து இறங்கும்போதே வாசனை வந்தது. மிளகும் சித்தரத்தையும் வறுபட்ட வாசனை. கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சமையல்கட்டில் நங்கையா அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. அடுப்பில் கோழி கொதித்தது.

"என்னங்க நங்கையா இது? பண்டிகை இல்லைன்னீங்க?"

நிமிரவில்லை. "பண்டிகை இல்லைன்னுதான் சொன்னேன். பெத்தவ பட்டினி கெடக்கோணும்னு சொன்னனா?" அரைத்ததை வழித்து எடுத்துக்கொண்டே தொடர்ந்தார். "உங்கம்மா செத்த வருசம் நீ அந்த நட்சத்திரத்தைத் தொடவே இல்லியே, அன்னைக்கு அம்மா என்ன சொல்லுச்சு? எழவூடா இருந்தாலும் பிள்ளை பெத்தவளுக்குச் சோறு போடாம இருக்க முடியாதுன்னு சொல்லுச்சா இல்லியா? நீ மூக்கைச் சிந்திக்கிட்டே ஒக்காந்து குடிச்ச. நானும் இங்கதான் இருந்தேன்."

ஆமாம் அத்தை. இருந்தார். நான்தான் மறந்திருந்தேன். அந்த டம்ளரின் சூடு மட்டும் கையில் ஞாபகம் இருந்தது, சொன்ன வார்த்தை மறந்துவிட்டிருந்தது.

உங்கள் கைப்பக்குவம் வரவில்லை. திப்பிலி தூக்கலாக இருந்தது. உங்கள் மகன் முதல் வாயிலேயே புரையேறி, கண்ணில் தண்ணீர் வர இருமினார். "அக்கா, இது பெத்தவளுக்கா, பேயோட்டறதுக்கா?"

"மூடிட்டுக் குடி. ஒன்ற நாக்குக்கு இதே சாஸ்தி."

கயல் சிரித்துவிட்டாள். பிறகு அவர் சிரித்தார். நங்கையா சிரிக்காமல் இருக்கப் பார்த்து, முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆடிக்கப்புறம் இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அது அடங்கியதும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் திப்பிலி ஒரு சாக்காக இருந்தது.

முதல் டம்ளரை நங்கையா தனியாக எடுத்து வைத்திருந்தார். "கொண்டு போ" என்று என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. "நீங்க வாங்க நங்கையா, மூத்தவங்கதான் வெக்கோணும்" என்றேன். இரண்டு பேரும் கொட்டாய்க்குப் போனோம். நட்சத்திரமில்லை, குடிலில்லை. வெறும் தீவனத் தொட்டி. அதன் விளிம்பில் அவர் டம்ளரை வைத்தார். என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். "சூட்டோட குடிச்சுக்கச் சொல்லோணுங்க" என்றேன். சொன்னார். குரல் உடைந்தது. ராசா எழுந்து வந்து டம்ளரை முகர்ந்தான். நக்காமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான்.

நங்கையா செவலையின் வயிற்றில் கையை வைத்தார். "இங்க வா, கன்னு முண்டுது பாரு. பயப்படாம கை வை."

உங்களுக்குத் தெரியும், நான் ரயில்வே காலனிக்காரி. இத்தனை வருஷத்தில் மாட்டின் நெற்றியைத் தாண்டி நான் தொட்டதில்லை. கை வைத்தேன். வயிறு வெதுவெதுவென்றிருந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு உந்து, என் உள்ளங்கையின் நடுவில். கயல் என் வயிற்றில் இருந்தபோது நீங்கள் இப்படித்தான் கை வைத்துப் பார்த்தீர்கள். அம்மா இல்லாத பிரசவம் அது. பிறந்ததும் செலவரைத்துக் கொடுத்ததும் நீங்கள்தான்.

"மாசியில போட்டுரும்" என்றார் நங்கையா. "போற எடத்துல எப்படிப் பாக்கறாங்களோ, என்னமோ."

அவர் சும்மாதான் சொன்னார். பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன். மேலே வெறும் கொக்கி இருந்தது. நட்சத்திரத்தைக் கட்டச் சொல்லி என்னை இங்கே அனுப்பியபோது நீங்கள் என்னைத் தள்ளிவைத்தீர்களா, இல்லையா என்று இனிமேல் நான் கேட்கப்போவதில்லை. அது எப்படி ஆரம்பித்திருந்தால் என்ன? இடம் இதுதான்.

இப்போது மதியம். எல்லாரும் உண்ட களைப்பில் படுத்திருக்கிறார்கள். நான் கொட்டாயில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்கள் மகனிடம் சொல்லவில்லை, நங்கையாவிடமும் கயலிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

செவலை எங்கேயும் போகாது. மாசியில் இந்தக் கொட்டாயில்தான் கன்று போடும். கறக்க நான் கற்றுக்கொள்ளப் போகிறேன். பக்கத்துக் காட்டு அண்ணனிடம் கேட்பேன். உதைபடுவேன், சொம்பைக் கவிழ்ப்பேன். நீங்கள் எங்கிருந்தாலும் சிரிப்பீர்கள், சிரியுங்கள். கறந்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். லாரிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம், காட்டில் இடத்துக்கா பஞ்சம்? முதல் சீம்பாலில் ஒரு கை எடுத்து வந்து மஞ்சள் காட்டு ஓரம் நீங்கள் படுத்திருக்கும் இடத்தில் ஊற்றுவேன். வருஷம் திரும்பி டிசம்பர் வந்ததும் பரணிலிருந்து நட்சத்திரத்தை இறக்குவேன். வாசல் வேண்டாம். ராசா அண்ணாந்து பார்க்கும் அதே கொக்கியில் கட்டுவேன்.

சூட்டோட குடிச்சுக்கங்க அத்தை.

உங்கள் கொட்டாயைப் பார்த்துக்கொள்ளும்,
உங்கள் மருமகள் ராணி